மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ் எத்திக்ஸை மனசார நம்பறாங்களா, மார்க்குக்காக எழுதறாங்களா?

உங்க கேள்விய நான் புரிஞ்சுகிட்டது இப்படி. டீச்சிங் ஹாஸ்பிடல்ல அட்மிட் ஆகி இருந்தப்போ ஸ்டூடண்ட்ஸ் கூட்டமா வந்து பெட்டைச் சுத்தி நின்னாங்க, யாரும் பேர் சொல்லல, தொட்டுப் பாக்கலாமான்னு யாரும் கேக்கல, ஒருத்தர் போர்வைய விலக்க மத்தவங்க ஒவ்வொருத்தரா வயித்த அமுக்கிப் பாத்துட்டு, உங்களப் பத்தியே தங்களுக்குள்ள பேசிக்கிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டாங்க. இவங்க எத்திக்ஸ் கிளாஸ்ல படிக்கறத உண்மையிலேயே நம்பறாங்களா இல்ல பரீட்சைக்கு எழுதறதோட சரியா, வருஷம் போகப் போக சரியாவாங்களா இன்னும் மோசமாவாங்களா, நான் கம்ப்ளைண்ட் குடுத்திருக்கணுமா, இதுதான் நீங்க கேட்டது. பாடத்தைப் பத்தின கேள்வி மாதிரி இருந்தாலும், அந்தப் பசங்க கண்ணுக்கு நான் ஒரு ஆளாத் தெரிஞ்சேனாங்கறதுதான் உள்ள இருக்கற கேள்வின்னு எனக்குப் படுது. அதுக்கே பதில் சொல்லப் பாக்கறேன்.

நான் பல வருஷமா ஜெனரல் மெடிசின் வார்டுல ஸ்டூடண்ட்ஸுக்கு பெட் சைட் கிளினிக்ஸ் எடுக்கறேன், எத்திக்ஸ் வகுப்பும் எடுக்கறேன், அவங்களுக்கு மார்க் போடற இடத்துலயும் இருக்கேன். நேரா சொல்லணும்னா, நம்பறாங்க. பேஷண்ட் சம்மதம் இல்லாம தொடக்கூடாது, பேஷண்ட் சொன்னத வெளிய சொல்லக்கூடாது, பொய் சொல்லக்கூடாது, இதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி ஒத்துக்கறீங்களான்னு கேட்டா பெரும்பாலான ஸ்டூடண்ட்ஸ் ஆமான்னுதான் டிக் பண்ணுவாங்க, அது நடிப்பும் கிடையாது. முதல் வருஷத்துப் பசங்ககிட்ட உக்காந்து பேசினீங்கன்னா பேஷண்ட்ட எப்படி நடத்தணுங்கறதுல என்னைய விட அவங்க கறாரா இருக்கறதப் பாப்பீங்க. அதனால மனப்பான்மை கெட்டுப் போய்த்தான் உங்களுக்கு அப்படி நடந்துச்சுன்னு நான் நினைக்கல. நம்பறதுக்கும் அந்த நேரத்துல செய்யறதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு, அது எங்க, எப்படி உண்டாகுதுங்கறதுதான் பேச வேண்டிய விஷயம்.

அந்த பெட் பக்கத்துல என்ன நடக்குதுன்னு ஸ்டூடண்ட் பக்கமிருந்து கொஞ்சம் சொல்றேன். மண்ணீரல் வீங்கின பேஷண்ட்டுன்னு வச்சுக்கங்க. வலது பக்கம் அடிவயித்துல இருந்து ஆரம்பிச்சு குறுக்கா இடது விலா எலும்புக்குக் கீழ வரைக்கும் கைய மெதுவா நகத்திக்கிட்டே வரணும், பேஷண்ட்ட மூச்சு இழுத்து விடச் சொல்லணும், மூச்சு இழுக்கும்போது மண்ணீரல் கீழ இறங்கி விரல் நுனியில வந்து முட்டும். அத ஒரு தடவ கையால உணர்ந்தாத்தான் கத்துக்க முடியும், படத்தப் பாத்தா வராது. பத்து பேர் வரிசையா நிக்கறாங்க. முதல் ஸ்டூடண்ட் கைய உரசி சூடாக்கிட்டு, பேர் சொல்லி, கேட்டுட்டுத்தான் தொடுவார். ரெண்டாவது ஆள் கேக்கறாரு, ஆனா பேஷண்ட் பதில் சொல்றதுக்குள்ள கை வயித்து மேல இருக்கும். நாலாவது ஆளுக்கு கேக்கணுங்கற நினைப்பே வராது, ஏன்னா முன்னாடி மூணு பேருக்கு சரின்னு சொன்னவர் தனக்கும் சொன்ன மாதிரிதானேன்னு மனசு தானாவே கணக்குப் போட்டுக்கும். அதுக்குள்ள பேஷண்ட் வலியில வயித்த இறுக்க ஆரம்பிச்சிருப்பாரு, இறுக்கின வயித்துல மண்ணீரல் கைக்குத் தட்டுப்படாது. ஏழாவது ஆளுக்கு உண்மையில ஒண்ணுமே தெரியாது. தெரியுதான்னு சார் கேட்டா "தெரியுது சார்"னு சொல்லிடுவாரு. அங்க ரெண்டு தப்பு சேர்ந்து நடக்குது பாருங்க, ஒருத்தருக்குப் பிரயோஜனமே இல்லாம வலி குடுத்தாச்சு, தெரியாதத தெரியும்னு சொல்லியும் ஆச்சு. ரெண்டாவதப் பத்தி நான் ரொம்பவே கவலப்படறேன், ஏன்னா இன்னிக்கு வகுப்புல சொன்ன அந்தப் பொய் இன்னும் சில வருஷத்துல கேஸ் ஷீட்ல பாக்காத ஃபைண்டிங்க எழுதறதா வளரும்.

அந்தப் பத்து பேர்ல ஒருத்தர் கூட கெட்டவங்க கிடையாது. அவங்க பாத்துகிட்டு இருக்கறது பேஷண்ட் முகத்த இல்ல, சாரோட முகத்த. சார் என்ன கேக்கறாரோ அதுதான் முக்கியம்னு அவங்களுக்குப் பதியும். எத்தன சென்டிமீட்டர், மேல் ஓரம் தெரியுதா, வீங்கினதுக்கு என்னென்ன காரணம்னு கேக்கறாரு. பேஷண்ட் என்ன வேலை பாக்கறாரு, நேத்து தூங்கினாரா, நம்ம எதுக்கு வந்திருக்கோம்னு அவருக்குத் தெரியுமான்னு கேக்கறாரா? கேக்காத வரைக்கும் அதெல்லாம் எத்திக்ஸ் பேப்பருக்கான சமாச்சாரம்னு பசங்க ஒதுக்கி வச்சிடுவாங்க. இதைத்தான் மறைமுகப் பாடத்திட்டம்னு சொல்றாங்க. மருத்துவக் கல்வியில எத்திக்ஸ் சொல்லிக் குடுக்கறதப் பத்திப் பேசும்போது இத அழுத்தமா எடுத்து வச்சது 1994ல ஹாஃபர்ட்டியும் ஃபிராங்க்ஸும் எழுதின கட்டுரை. வகுப்புல சொல்றது ஒரு பாடம், வார்டுல நடமாடும்போது யாரும் சொல்லாமலே ஒட்டிக்கறது இன்னொரு பாடம், ரெண்டும் மோதினா ரெண்டாவதுதான் ஜெயிக்கும்ங்கறது அதோட சாரம். நான் பாத்த வரைக்கும் இது அப்படியே உண்மை.

அதே 1994ல ஃபியூட்னரும் கூட்டாளிகளும் அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல ஆறு மெடிக்கல் காலேஜ்ல, வார்டுல பயிற்சி எடுக்கற போஸ்டிங்ல இருந்த ஸ்டூடண்ட்ஸ்கிட்ட ஒரு சர்வே எடுத்தாங்க, 665 பேர் பதில் குடுத்தாங்க. தப்புன்னு தானே நினைக்கற ஒரு காரியத்த தானே செஞ்சிருக்கேன்னு 58 சதவீதம் பேர் சொன்னாங்க. பேஷண்ட்ட தவறா நம்ப வச்சிருக்கேன்னு 52 சதவீதம் பேர். டாக்டர்ஸ் பேஷண்ட்டப் பத்தி மட்டமாப் பேசறதக் கேட்டிருக்கேன்னு சொன்னவங்க 98 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட எல்லாரும். தன்னோட நெறிகள்ல கொஞ்சமாவது தேஞ்சு போச்சுன்னு 62 சதவீதம் பேர் ஒத்துக்கிட்டாங்க. எனக்கு இதுல பெருசாப் படறது வேற ஒண்ணு, செஞ்சத நினைச்சு மனசு உறுத்துச்சு, குற்ற உணர்ச்சி இருந்துச்சுன்னு 67 சதவீதம் பேர் சொல்லியிருக்காங்க. உறுத்தல் இருக்குன்னா நம்பிக்கை இன்னும் சாகலன்னு அர்த்தம். ஆனா இந்த எண்கள எடுத்துகிட்டு எல்லா ஊர் ஸ்டூடண்ட்ஸும் இப்படித்தான்னு சொல்லிடாதீங்க, சர்வே யாருக்கெல்லாம் போச்சோ அவங்கள்ல 36 சதவீதம் பேர்தான் பதிலே அனுப்பினாங்க. மனசுல பாரம் இருக்கறவங்க அதிகமா எழுதி அனுப்பியிருக்கலாம், இல்ல ரொம்பத் தப்புப் பண்ணவங்க எழுதாமலே விட்டிருக்கலாம், எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்குன்னு அந்த எண்களே சொல்லாது.

தப்புன்னு தெரிஞ்சும் ஏன் வாயத் திறக்கறதில்லன்னு கேப்பீங்க. வார்டுல ஸ்டூடண்ட்டோட இடம் எதுன்னு யோசிச்சுப் பாருங்க. மேல பயிற்சி டாக்டரான இன்டர்ன், அதுக்கு மேல மேல்படிப்பு படிக்கற பி.ஜி., அதுக்கு மேல அசிஸ்டன்ட், அதுக்கு மேல யூனிட் சீஃப். ஒருத்தர் செய்யறது தப்புன்னு ஸ்டூடண்ட்டுக்குத் தோணினா, தப்பு செய்யறவர்தான் அவருக்கு மார்க் போடறவரு, அவர்தான் அடுத்த மாசம் ஒரு ப்ரொசீஜர் செய்ய விடறவரு. அது போக, எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது, இவ்வளவு பெரியவர் செய்யறாருன்னா ஏதாவது காரணம் இருக்கும்னு மரியாதையோடவே ஒரு சந்தேகமும் வரும். முதல் தடவ உறுத்தும். மூணாவது தடவ, இங்க எல்லாம் இப்படித்தான்னு ஆயிடும். பத்தாவது தடவ உறுத்தினது கூட ஞாபகம் இருக்காது. நான் பாக்கற பசங்க எத்திக்ஸ மறந்து போறதில்ல, பேசாம இருக்கக் கத்துக்கறாங்க. பேசாம இருந்து பழகின வாய், அப்புறம் அதிகாரம் கைக்கு வந்தாலும் சுலபமாத் திறக்கறதில்ல.

சம்மதம் கேக்கற விஷயத்துலயே இது எப்படி மாறுதுங்கறதுக்கு ஒரு ஆதாரம் இருக்கு, படிக்கவே கஷ்டமாத்தான் இருக்கும். ஆபரேஷனுக்காக மயக்க மருந்து குடுத்திருக்கற பொண்ணுங்களுக்கு, ஸ்டூடண்ட்ஸ் கத்துக்கறதுக்காக பிறப்புறுப்புப் பரிசோதனை செய்யற பழக்கம் பல இடத்துல இருந்துச்சு, அவங்ககிட்ட தனியாக் கேக்காமலே. 2003ல யூபெலும் கூட்டாளிகளும் ஃபிலடெல்ஃபியாவுல அஞ்சு மெடிக்கல் காலேஜ் ஸ்டூடண்ட்ஸ்கிட்ட, இதுக்கு பேஷண்ட்கிட்ட முன்கூட்டியே சம்மதம் கேக்கறது எவ்வளவு முக்கியம்னு கேட்டாங்க. மகப்பேறு போஸ்டிங் இன்னும் போகாதவங்கள விட போஸ்டிங் முடிச்சவங்க, சம்மதம் அவ்வளவா முக்கியமில்லன்னு சொன்னாங்க. எந்த இடத்துல பேஷண்ட்டோட மானம் கையில இருக்கோ, அந்த இடத்துல வேலை பாத்துட்டு வந்தவங்களுக்குத்தான் கேக்கணுங்கற எண்ணம் குறைஞ்சிருக்கு. யாரும் அவங்கள உக்கார வச்சு கேக்க வேண்டாம்னு பாடம் எடுக்கல, ஆபரேஷன் தியேட்டர்ல யாரும் கேக்கறதப் பாக்கல, அவ்வளவுதான். இந்த விஷயத்த வெளிய கொண்டு வந்தவங்கள்ல ஸ்டூடண்ட்ஸும் பேஷண்ட்ஸும் ரெண்டு பேருமே உண்டு. கடைசியில 2024 ஏப்ரல்ல அமெரிக்க மத்திய சுகாதாரத் துறை, இந்த மாதிரிப் பரிசோதனைகளுக்கு ஹாஸ்பிடல்கள் பேஷண்ட்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்கணும்னு தெளிவா அறிவிச்சுது, ஸ்டூடண்ட்ஸ் படிப்புக்காகச் செய்யறதும் அதுல அடக்கம். கேட்டா எல்லாரும் வேண்டாம்னு சொல்லிடுவாங்க, அப்புறம் நாங்க எப்படி டாக்டர் ஆகறதுன்னு சில பசங்க என்கிட்டயே கேப்பாங்க. நேர்மையான கேள்விதான், ஆனா அந்த பயத்துக்கு ஆதாரம் இல்ல. மரியாதையா, இது கத்துக்கறதுக்குன்னு சொல்லிக் கேட்டா பெரும்பாலான பேஷண்ட்ஸ் சம்மதிக்கறாங்க, திரும்பத் திரும்ப அப்படித்தான் தெரிய வந்திருக்கு, என் வார்டுலயும் அப்படித்தான். வேண்டாம்னு சொல்றவங்களுக்கு வேண்டாம்னு சொல்ற உரிமையும் உண்டு.

அடுத்தது, போகப் போக மோசமாவாங்களான்னு கேட்டீங்களே, அதுல உறுதியாச் சொல்ல முடிஞ்சதையும் முடியாததையும் பிரிச்சுச் சொல்லணும். பேஷண்ட்டோட இடத்துல தன்ன வச்சுப் பாக்கற பரிவு, படிப்புக் காலத்துல குறையுதுன்னு பரவலாப் பேசறாங்க. ஃபிலடெல்ஃபியா ஜெஃபர்சன் மெடிக்கல் காலேஜ்ல ஹோஜத்தும் கூட்டாளிகளும் 456 ஸ்டூடண்ட்ஸ வருஷா வருஷம் அளந்து 2009ல வெளியிட்டாங்க, முதல் ரெண்டு வருஷம் பெரிய மாற்றம் இல்ல, மூணாவது வருஷ முடிவுல கணிசமாக் குறைஞ்சிருந்துச்சு. அங்க மூணாவது வருஷம்தான் ஸ்டூடண்ட் முழுசா வார்டுக்கு வர்ற வருஷம்ங்கறத கவனிங்க. புஸ்தகத்தோட இருந்த வரைக்கும் பரிவு இருந்துச்சு, பேஷண்ட்கிட்ட வந்ததும் குறைஞ்சுதுன்னா அது சாதாரண விஷயமா? ஆனா அடுத்த வருஷமே, 2010ல, கோலிவரும் கூட்டாளிகளும் இந்த மாதிரி ஆய்வுகள ஒண்ணா வச்சு அலசிட்டு, குறைஞ்சதோட அளவு ரொம்பச் சின்னது, பதில் சொன்னவங்க எண்ணிக்கையும் போதாது, விஷயத்த ஊதிப் பெருசாக்கிட்டாங்கன்னு எழுதினாங்க. அந்தச் சண்டையில ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. அந்த அளவுகோல் எல்லாமே ஸ்டூடண்ட் தன்னப் பத்தி தானே மார்க் போட்டுக்கறது, பேஷண்ட்ட கேட்டு அளந்தது கிடையாது. முதல் வருஷத்துல நான் ரொம்பப் பரிவானவன்னு எழுதின பையன், வார்டுல நிஜமான வேதனையப் பாத்ததுக்கப்புறம், அவ்வளவு ஒண்ணும் இல்லன்னு அடக்கமா எழுதினாக் கூட அளவுகோல்ல அது குறைஞ்ச மாதிரித்தான் தெரியும். என் அனுபவத்துல நான் பாக்கறது, பரிவு வத்திப் போறத விட, அத வெளிக்காட்டாம மூடி வைக்கறது அதிகம். முதல் சாவப் பாத்துட்டு பாத்ரூம்ல போய் அழுத பொண்ணு, ஆறு மாசம் கழிச்சு அதே மாதிரி சாவுல பல்ஸ் பாத்துட்டு, நேரத்த எழுதிட்டு, அடுத்த பேஷண்ட்டுக்குப் போவா. கல்லாயிட்டான்னு நீங்க நினைப்பீங்க. ராத்திரி மெஸ்ல கேட்டுப் பாருங்க, அந்த பேஷண்ட்டோட பொண்ணு போட்டிருந்த டிரஸ்ஸோட கலர் வரைக்கும் சொல்லுவா. ஆனா மூடி வச்சது பேஷண்ட்டுக்குத் தெரியாதே, அவருக்கு மூடின கதவுதானே தெரியும், அதனால இதைச் சொல்லி நான் யாரையும் தப்பிக்க விடல.

எல்லா விஷயத்துலயும் ஸ்டூடண்ட்ஸ் ஒரே மாதிரி கிடையாது. சம்மதம், ரகசியம் மாதிரி விதியாச் சொல்லக் கூடியதுல தெளிவா இருக்காங்க, உண்மையைச் சொல்றதுலதான் ரொம்பத் தடுமாறுறாங்க. குடும்பத்துக்காரங்க வந்து, அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாரு, கட்டின்னு மட்டும் சொல்லுங்கன்னு கைய புடிச்சுக் கேப்பாங்க. இத வகுப்புல வச்சா பாதிப் பேர் பேஷண்ட்டுக்குத் தெரிஞ்சே ஆகணும்பாங்க, பாதிப் பேர் குடும்பம் சொல்றத எப்படித் தட்டறதும்பாங்க, ரெண்டு பக்கமும் அன்புலதான் பேசறாங்க. நான் அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறது ரொம்ப எளிமையான ஒரு வழி, பேஷண்ட்டையே கேளுங்க. "ரிப்போர்ட் வந்ததும் எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல வீட்டுல யார்கிட்டயாவது சொன்னாப் போதுமா"ன்னு ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே கேட்டுட்டா, தெரிஞ்சுக்கறதா வேணாமாங்கறத அவரே முடிவு பண்றாரு. தெரிஞ்சுக்க விரும்பலன்னு அவரே சொன்னா அதுவும் அவரோட முடிவுதான், அதுவும் மதிக்க வேண்டியதுதான். குடும்பம் அவருக்காக முடிவு பண்றது வேற விஷயம். இதுல பழைய டாக்டர்ஸ் எப்படி இருந்தாங்கன்னு தெரிஞ்சா பசங்க ஆச்சரியப்படுவாங்க. 1961ல ஓகென் சிகாகோவுல டாக்டர்ஸ்கிட்ட கேட்டப்போ கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் கேன்சர்னு பேஷண்ட்கிட்ட சொல்லாம இருக்கறதையே விரும்பினாங்க. 1979ல அதே கேள்வித்தாள வேற டாக்டர்ஸ்கிட்ட குடுத்தப்போ 97 சதவீதம் பேர் சொல்றதத்தான் விரும்பறோம்னாங்க. 18 வருஷத்துல ஒரு தொழிலே தலைகீழா மாறியிருக்கு. சாகும்போது மனுஷன் படற பயம் அந்த 18 வருஷத்துல மாறிடல, சிகிச்சை மாறுச்சு, சட்டம் மாறுச்சு, சுத்தி இருந்தவங்க செய்யறது மாறுச்சு. டாக்டரோட மனப்பான்மைங்கறது அவரோட குணத்துல இருந்து வர்ற அளவுக்கு, அவர் நிக்கற இடத்துல இருந்தும் வருதுன்னு நான் சொல்றதுக்கு இத விட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ரகசியத்துல விதி தெரிஞ்சும் கவனமில்லாம மீறுறாங்க. 1995ல யூபெலும் கூட்டாளிகளும் அமெரிக்காவுல அஞ்சு ஹாஸ்பிடல்ல ஆளுங்கள லிஃப்ட்ல சும்மா மேலயும் கீழயும் போக வச்சு, உள்ள இருக்கறவங்க என்ன பேசறாங்கன்னு கேட்டு எழுதச் சொன்னாங்க, காதுல விழற மாதிரி ஆளுங்க இருந்த 259 தடவையில 36 தடவ பேசக் கூடாததப் பேசியிருந்தாங்க. இப்ப லிஃப்ட்ட விட வாட்ஸாப் குரூப் மோசம். அபூர்வமான எக்ஸ்ரே, வித்தியாசமான தோல் வியாதின்னு ஃபோட்டோ எடுத்து படிக்கத்தானேன்னு குரூப்ல போட்டுடறாங்க, ஓரத்துல பேஷண்ட் பேரும் நம்பரும் இருக்கும், இல்ல முகம் பாதி தெரியும். கேட்டா பேர மறைச்சுட்டேன் சார்ம்பாங்க, ஆனா அந்த டாட்டூவ அவரோட பக்கத்து வீட்டுக்காரர் பாத்தா அடையாளம் தெரியாதா? மருந்துக் கம்பெனி கிஃப்ட் விஷயத்தையும் ஒரு வார்த்த சொல்லிடறேன், 2005ல அமெரிக்காவுல எட்டு காலேஜ்ல மூணாவது வருஷ ஸ்டூடண்ட்ஸ கேட்டதுல சுமார் 69 சதவீதம் பேர் கிஃப்ட் வாங்கினா என் மருந்துச் சீட்டு மாறாதுன்னாங்க, கூட இருக்கறவங்களுதும் மாறாதுன்னு சொன்னவங்க சுமார் 58 சதவீதம்தான். தன்மேல நம்பிக்கை கொஞ்சம் கூடுதலா இருக்கு, அந்த இடைவெளிதான் ஆபத்து.

அப்ப எத்திக்ஸ் வகுப்பு வீணா? வீணில்ல, ஆனா அது செய்யக் கூடியது கொஞ்சம்தான். பேஷண்ட்டோட சுய முடிவு, நல்லது செய், கெடுதல் செய்யாத, எல்லாரையும் நியாயமா நடத்துன்னு நாலு தூண மனப்பாடம் பண்ணி எழுதற பரீட்சை, உறுத்தலுக்கு ஒரு பேர் வைக்க உதவும், அந்தப் பேர் இருந்தாத்தான் அப்புறம் பேசவே முடியும். டாக்டர்ஸ் எடுக்கற உறுதிமொழியா 1948ல வந்த ஜெனீவா பிரகடனத்துல 2017ல திருத்தும்போதுதான் பேஷண்ட்டோட சுய முடிவையும் கண்ணியத்தையும் மதிப்பேன்னு ஒரு வரி சேர்ந்துச்சு, டாக்டர் தன்னோட உடம்பையும் மனசையும் பாத்துக்கணுங்கறதும் அப்பதான் சேர்ந்துச்சு, ரெண்டும் ஒரே தடவையில வந்தது சரியான விஷயம்னு நினைக்கறேன், ஏன்னா முப்பது மணி நேரம் தூங்காத இன்டர்ன்கிட்ட பணிவா நாலு வார்த்த பேசுன்னு சொல்றது கஷ்டம். ஆனா பழக்கத்த மாத்தறது வகுப்பு கிடையாது. நடிக்கத் தெரிஞ்சவங்கள பேஷண்ட்டா உக்கார வச்சு, கெட்ட செய்தி சொல்றது, வேண்டாங்கறவர்கிட்ட பேசறது, இதையெல்லாம் திரும்பத் திரும்பச் செய்ய வச்சு, அந்த "பேஷண்ட்டே" நீ என்னப் பாக்காம பேப்பரப் பாத்துப் பேசினன்னு சொல்லும்போது பசங்க முகம் மாறும், என் ரெண்டு மணி நேர லெக்சருக்கு அது மாறாது. நாம கேக்கற கேள்வியையும் மாத்தணும். நான் இப்பல்லாம் கேஸ் ப்ரெசன்ட் பண்ண வர்ற ஸ்டூடண்ட்ட முதல்ல கேக்கறது, அவருக்கு இதுல எது பெரிய கவலைன்னு, அதுக்கப்புறம்தான் மண்ணீரல். வைவாங்கற வாய்மொழிப் பரீட்சையில கேள்வி வரும்னு தெரிஞ்சா பதில் தேடுவாங்க, பதில் தேட பேஷண்ட்கிட்ட உக்காந்து பேசித்தான் ஆகணும். பத்து பேர் தொடறதையும் நிறுத்திட்டேன், ஒரு பேஷண்ட்ட மூணு பேர், அவர் போதும்னா அதோட சரி, தெரியலன்னா தெரியலன்னு சொல்றவங்களுக்கு என்கிட்ட மார்க் குறையாது.

சின்ன வயசு நடத்தையெல்லாம் அப்புறம் சரியாயிடும்னு சொல்றவங்களுக்கும் ஒரு பதில் இருக்கு. 2005ல பாபடாகிஸும் கூட்டாளிகளும், மருத்துவக் கவுன்சில்கள் தண்டிச்ச 235 டாக்டர்ஸோட காலேஜ் ஃபைல எடுத்து, தண்டனை வாங்காதவங்க ஃபைலோட ஒப்பிட்டாங்க. படிக்கும்போதே நடத்தை சரியில்லன்னு பதிவானவங்களுக்கு பின்னாடி தண்டனை வாங்கற வாய்ப்பு சுமார் மூணு மடங்கா இருந்துச்சு. அதுலயும் பொறுப்பில்லாம இருக்கறது, சொன்னாத் திருத்திக்காம இருக்கறது, இந்த ரெண்டும்தான் முன்னாடி நின்னுச்சு. அதுக்காக காலேஜ்ல ஒரு தப்பு பண்ணவன் கெட்ட டாக்டராவான்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க, தப்பு பதிவான ஸ்டூடண்ட்ஸ்ல பெரும்பாலானவங்க அப்புறம் எந்தத் தண்டனையும் வாங்கல. நான் இதுல எடுத்துக்கறது, ஸ்டூடண்ட் தப்புப் பண்ணாரான்றத விட சொன்ன அப்புறம் என்ன பண்ணாருன்னு பாக்கணுங்கறது. இதுவரைக்கும் சொன்ன ஆய்வெல்லாம் அமெரிக்காவுல நடந்தது, நானும் வார்டுல மார்க் போடறவனா நின்னுதான் பாக்கறேன். நான் இருக்கும்போது பசங்க நடந்துக்கறதும் இல்லாதப்போ நடந்துக்கறதும் ஒண்ணா இருக்காது, அந்த ரெண்டாவதப் பாக்கறது பேஷண்ட்டான நீங்கதான்.

இப்ப உங்களுக்கு நடந்ததுக்கு வரேன். நடந்தது தப்பு, அதுல எந்தச் சந்தேகமும் வேண்டாம். டீச்சிங் ஹாஸ்பிடல்ல சேர்ந்தா எல்லாரும் தொடலாம்னு நீங்க எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடாது. ஸ்டூடண்ட் யாருன்னு தெரிஞ்சுக்கற உரிமை உங்களுக்கு உண்டு, வேண்டாம்னு சொல்ற உரிமை உண்டு, சொன்னா அதுக்காக உங்க சிகிச்சை ஒரு துளியும் குறையக் கூடாது. இன்னொரு தடவ இப்படி ஆனா, கூட்டத்தப் பாத்துப் பொதுவாச் சொல்லாதீங்க, முன்னாடி நிக்கற ஒரே ஒருத்தரப் பாத்து "உங்க பேர் என்னம்மா, எந்த வருஷம் படிக்கறீங்க"ன்னு கேளுங்க. எவ்வளவு பெரிய கூட்டமா இருந்தாலும் பேர் சொன்ன அடுத்த நிமிஷம் அந்தப் பையனோ பொண்ணோ உங்க முகத்தப் பாத்துத்தான் பேசுவாங்க, இத நான் எத்தனையோ தடவ பாத்திருக்கேன். மூணு பேர் பாத்துக்கங்க, அதுக்கு மேல வலிக்குதுன்னு சொல்லலாம். வெக்கமான இடம்னா ஸ்க்ரீன் போடுங்க, கூட ஒரு நர்ஸ் இருக்கட்டும்னு கேக்கலாம், கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டாங்க, எடுத்துக்கிட்டா அது அவங்க பிரச்சன.

கம்ப்ளைண்ட் குடுத்திருக்கணுமான்னு கேட்டீங்க. குடுக்கலாம், இப்பவும் குடுக்கலாம், அந்த மாதிரி கம்ப்ளைண்ட்ட வாங்கிப் படிக்கற இடத்துல உக்காந்து சொல்றேன், அது குப்பைக்குப் போகாது. ஆனா போர்வைய விலக்கின அந்த ஸ்டூடண்ட் மேல குடுக்காதீங்க. அவர் பேர் எழுதினா அவர கூப்பிட்டு கண்டிப்பாங்க, அவரும் அடுத்த தடவ மாட்டிக்காம எப்படிச் செய்யறதுன்னு கத்துப்பாரு. எந்த வார்டு, எந்தத் தேதி, காலையிலயா சாயங்காலமா, கூட வந்த டீச்சர் இருந்தாரா இல்லையா, எத்தன பேர் தொட்டாங்க, யாராவது கேட்டாங்களா, இவ்வளவையும் எழுதி யூனிட் சீஃபுக்கு ஒண்ணு, காலேஜ் டீனுக்கு ஒண்ணுன்னு அனுப்புங்க. டீச்சர் அங்க நின்னுகிட்டே விட்டிருந்தாருன்னா அத ஒளிக்காம எழுதுங்க. பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், அடுத்த பேட்ச் வர்றப்போ அதே பெட் பக்கத்துல நிக்கப் போறவரும் அவர்தான்.